எச்சாப் பட்டை

அத்தியாயம் பதினொன்று

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல முகூர்த்தம். சுந்தராபுரத்தில் எந்தப் பக்கம் காதைத் திருப்பினாலும் குழாய் ஸ்பீக்கரில் நாதஸ்வரம். கருப்புசாமியின் வீட்டில் மட்டும் ரேடியோவைக்கூட யாரும் போடவில்லை.

இன்றைக்கு அந்த வீட்டில்தான் கல்யாணம் நடந்திருக்க வேண்டும்.

மகள் மதிவதனிக்குப் பேசி முடித்திருந்த தமிழ்வேந்தன் பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் எஞ்சினியர். நிச்சயம் முடிந்து, பத்திரிகைக்கு மாதிரி பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஈரோட்டில் தறிப்பட்டறை வைத்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் பெண்ணைக் கொடுக்க முன்வந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் நாசூக்காகச் சொல்லியனுப்பினார்கள். ஆனால் ஆவணியில் மண்டபம் கிடைப்பது குதிரைக்கொம்பு அல்லவா? அதனால் பிடித்த மண்டபத்தை அவர்கள் விடவில்லை. குறித்த தேதியையும் விடவில்லை. பெண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

கருப்புசாமி என்று சொன்னால் கோயமுத்தூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'மாப்பிள்ளைக் காரு' என்றால் தெரியும். மில் பங்களா ஒன்றில் கழித்துப் போட்ட பழைய ஹெரால்டு கார், மேல் கூரையை மடக்கித் திறந்துகொள்ளும் வகை. அதை வாங்கிச் சரிபண்ணி, மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்ட ஆரம்பித்தவர், இருபது வருஷமாக வேறு தொழில் செய்யவில்லை. மேளக்காரர்களின் நடைக்குத் தக்கபடி வண்டியை நகர்த்துவார். பின்னால் உயரத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு குலுக்கல் தெரியாது.

அந்தத் தொழிலை அவர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அவர் கல்யாணத்தின்போது, அவர் சாதிச் சனத்து மாப்பிள்ளை பெரிய தெரு வழியாக நடந்துகூடப் போகக்கூடாது என்று அந்தத் தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பண்ணையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பன் வாய் திறக்கவில்லை. கொல்லைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்த் தாலி கட்டினார் கருப்புசாமி. பிற்பாடு வண்டி வாங்கியதும், எல்லாச் சனத்து மாப்பிள்ளைகளையும் ஏற்றினார், அதே பெரிய தெருவிலும் ஓட்டினார். என்றாவது ஒரு நாள் தன் சொந்த மருமகனை அதில் ஏற்றி ஊர் முழுக்கச் சுற்றிவர வேண்டும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்.

அந்த வண்டியைத்தான் மகள் அறுத்துப் போட்டாள்.

மதிவதனி பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். சம்பந்தம் முறிந்த பிறகு ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எட்டாம் நாள் எழுந்து போய், அடிபட்டுக் கிடந்த ஒரு கான்டெஸா காரின் எஞ்சினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஹெரால்டின் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, அதைப்போல ரெண்டு மடங்கு பலமுள்ள அந்த எஞ்சினை உட்காரவைக்க, முன்பக்கச் சட்டத்தை வெட்டினாள். கியர்பாக்ஸுக்காக நடுத்தளத்தை அகலப்படுத்தினாள். கிணத்துக்கடவுப் பக்கம் ஸ்பிரின்ட் பந்தயம் நடக்கப் போகிறது, நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் யார் வெரசாகப் போகிறார்கள் என்று பார்ப்பார்களாம், அதற்கு என்றாள். நடை வேகத்துக்கு மேல் போகாத வண்டியைப் பறக்கவிடப் போகிறாளாம்!

கருப்புசாமிக்கு அன்றைக்குக் கண் மண் தெரியவில்லை. "உனக்கு அமைஞ்சதையும் நீதான் கெடுத்துக்கிட்டே. கையெல்லாம் கிரீசோட திரியறவளை எவன் கட்டுவான்?" என்று கேட்டுவிட்டார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அன்றிலிருந்து அப்பனும் மகளும் பேசவில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளுங்கம்மா" என்பாள் மகள். "வேண்டாம்னு சொல்லிப்போடு" என்பார் அப்பா. நடுவில் மனைவி மாரியாத்தாள் தபால்காரியாக அல்லாடினாள்.

இன்று காலை விடியுமுன்பே மதிவதனி வண்டியோடு கிளம்பிப் போய்விட்டாள். கூட பஷீர் போயிருந்தார். உக்கடத்தில் கார் சீட்டும் கூரைத் துணியும் தைக்கிறவர். இருபது வருஷமாக ஒவ்வொரு மாப்பிள்ளை அழைப்பிலும் வண்டியை ஜோடித்து, கூடவே நடந்து வந்தவர்.

* * *

கருப்புசாமிக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. பின்னால் போய் ஷெட்டைத் திறந்தார்.

வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. மூலையில் மகள் கழற்றிப் போட்டவை குவிந்து கிடந்தன. கூரைத் துணியின் வளைவுக் கம்பிகள். மாப்பிள்ளை உயரமாக உட்கார அவரே பற்றவைத்த இரும்புச் சட்டம். மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு பித்தளைக் கைப்பிடி. பட்டுவேட்டி தடுக்காமல் ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படி. பூச்சரம் மாட்டும் கொக்கிகள். எடை குறைய வேண்டும் என்று எல்லாவற்றையும் உருவிப் போட்டிருந்தாள்.

ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார். பித்தளைக் கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனை மாப்பிள்ளைகளின் வியர்த்த கை!

துடைத்துக்கொண்டே வந்தவருக்குச் சட்டென்று ஏதோ ஒன்று குறைவது போல் பட்டது. குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார். சுவரோரம் பார்த்தார். பீப்பாய்க்குப் பின்னால் பார்த்தார்.

பட்டையைக் காணோம்.

வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குவது குறுக்கே போட்ட ஸ்பிரிங் கட்டு. நீள நீளமான எஃகுப் பட்டைகளை அடுக்கிச் சேர்த்தது. மாப்பிள்ளையும் தோழனும், சமயத்தில் மச்சானும் குழந்தைகளுமாகப் பின்னால் ஏறினால் வண்டி தரை தட்டியது. அதனால் லாரிப் பட்டறையில் வளைத்து வாங்கி, அந்தக் கட்டில் இருக்கிறதுக்கு மேல் ஒரு பட்டையை எச்சாகச் சேர்த்தார் கருப்புசாமி. அதற்கப்புறம் பின்னால் எத்தனை பேர் ஏறினாலும் வண்டி கம்பீரமாக நின்றது.

ஆனால் ஆள் ஏறாதபோது? பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை அன்னூரில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, காலி வண்டியை வேகமாக ஓட்டி வந்தார். ஒரு வளைவில் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்ததுதான் தாமதம். பின்சக்கரம் கோழிக்கால் மாதிரி உள்பக்கம் மடங்கி, வண்டி ஒரு பக்கமாக எழும்பிவிட்டது. மாரியம்மன் புண்ணியத்தில் திரும்பத் தரையில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து காலி வண்டியை அவர் உருட்டிக்கொண்டுதான் வருவார். யாரிடமும் சொல்லவில்லை. வேறு யாரும் அந்த வண்டியை வேகமாக ஓட்டவில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும்?

இப்போது முன்னால் கனமான எஞ்சின். பின்னால் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்தாற்போலக் காலி. பட்டை மட்டும் உள்ளேயே இருக்கிறது. மேலே கூரை கிடையாது. கவிழ்ந்தால் தலைதான் கூரை.

"மாரியாத்தா!"

அந்தச் சத்தத்தில், டிபன் கேரியரில் அரிசியும்பருப்புஞ் சோறு அடைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க? என்ன ஆச்சுங்க?"

"வண்டி ஓட்டம் எத்தனை மணிக்குன்னு சொன்னா?"

"பத்து மணிக்குன்னு பஷீர் அண்ணன் சொன்னாருங்க. ஏனுங்க, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்குது?"

"கெளம்பு. அந்த வண்டி கவுந்துபோகும் புள்ள. கெளம்பு."

* * *

டி.வி.எஸ். ஐம்பது பொள்ளாச்சி ரோட்டில் தன்னால் முடிந்த மட்டும் போயிற்று. பின்னால் மாரியாத்தாள் டிபன் கேரியரை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கு அதை எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ஒத்தக்கால்மண்டபம் ஊரைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் பஸ், அதற்கு முன்னால் வேன், அதற்கு முன்னால் ரோட்டையே அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம். எல்லாரும் பட்டும் பூவுமாக இருந்தார்கள்.

கருப்புசாமி தலையை நிமிர்த்திப் பார்த்தார். அதே மண்டபம்! வேறு வழியும் கிடையாது, ரோடு அந்த வாசல் வழியாகத்தான் போகிறது. அவசரத்தில் இதை அவர் நினைக்கவே இல்லை.

வாசலில் வாழைமரம். பூவால் எழுதிய போர்டு. தமிழ்வேந்தன் என்ற பெயர் முதலில் இருந்தது. பக்கத்தில் மதிவதனி இருக்க வேண்டிய இடத்தில் அன்புக்கரசி இருந்தாள். அந்தப் பூவெழுத்து எப்படி இருக்க வேண்டும், என்ன கலரில் இருக்க வேண்டும் என்று இதே வாசலில் நின்று பஷீரோடு பேசியிருந்தார் அவர்.

"ஏனுங்க! மாப்பிள்ளைக் காருங்களா?" கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்ற பையன் கல்யாணத்துக்கு நீங்கதானுங்க வந்தீங்க, நெனப்பு இருக்குதுங்களா? நேத்து இங்க மாப்பிள்ளை அழைப்புக்கு ஏனுங்க உங்க வண்டியக் காணோம்? ஏதோ மாருதியில கூட்டியாந்தாங்க. கண்ணாடிக்குள்ளாற மாப்பிள்ளை மொகமே தெரியல. களையே இல்லீங்க!"

பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. விவரம் தெரியாதவன் வாயிலிருந்து வருவதுதான் நேராக நெஞ்சில் போய்க் குத்துகிறது.

"வண்டி வேலையில இருக்குதுங்க" என்றார் கருப்புசாமி.

"சீக்கிரம் முடிச்சுப்போடுங்க. உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போறது..."

"இல்லீங்க. ஒரு அவசரமுங்க."

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

கருப்புசாமி ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டார். முதுகில் மாரியாத்தாளின் நெற்றி வந்து சாய்ந்தது. இத்தனை மாதமாக மகளுக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நடு ரோட்டில், புருஷன் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"அழுவாத புள்ள."

"அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு, அன்புக்கரசி. அது நல்லாருக்கட்டும்" என்றாள் மாரியாத்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எம் புள்ளைக்கு இன்னிக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுங்க. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

பஸ் நகர்ந்தது. இடுக்கில் வண்டியை நுழைத்து, யாரோ திட்டுவதைக் கேட்டும் கேட்காமல், கருப்புசாமி கிளம்பினார்.

* * *

கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில், அந்தக் காலத்து மில் முதலாளி ஒருவர் தன் சொந்த விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் அது. விமானமும் போய்விட்டது, முதலாளியும் போய்விட்டார். நீளமாக, வெறிச்சென்று, தார் மட்டும் கிடந்தது. ஒரு கோடியில் கொடியும் கூட்டமும். மறுகோடியில் தோப்பு குறுக்கிட்டதால், எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து வலதுபக்கம் திரும்பித்தான் நிற்க வேண்டும்.

அந்தத் திருப்பத்தைப் பார்த்ததும் கருப்புசாமி டி.வி.எஸ்.ஸை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

ஹெரால்டு வரிசையில் நின்றது. அவர் நினைத்தபடியே மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு. மதிவதனி ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பஷீரோடு டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மா, அவரை எதுக்கும்மா கூட்டியாந்தீங்க? என்னைய நிறுத்தறதுக்கா?"

மாரியாத்தாளுக்கு மூச்சு இரைத்தது. கருப்புசாமி வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனாலும் மாதக்கணக்கில் பேசாத மகளிடம் முதல் வார்த்தையை எங்கிருந்து எடுப்பது?

"அம்மணி" என்றார்.

மதிவதனியின் கையிலிருந்த காற்று மானி நழுவிக் கீழே விழுந்தது.

"பின்னால, ஸ்பிரிங்கில, நான் போட்ட எச்சாப் பட்டை. அதைக் கழட்டினியா கண்ணு?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சண்டைக்கு நின்றவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க."

"ஏன்?"

"விட்டுப்போச்சுங்க."

கருப்புசாமி அதை நம்பினார். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தப் பட்டையோடுதானே வண்டியைப் பார்த்திருக்கிறாள். அது வண்டியோடு பிறந்தது என்றே நினைத்திருப்பாள் என்று தோன்றியது. அன்னூர் வளைவில் நடந்ததைச் சொன்னார். சக்கரம் எப்படி மடங்கும் என்று கையை மடக்கிக் காட்டினார். அந்தக் கோடித் திருப்பத்தைக் காட்டினார்.

பந்தயத்தை நடத்துகிற நரசிம்மலு பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். "அப்படீன்னா ஓடவேண்டாமுங்க. கழட்ட எத்தனை நேரமாகும்?"

"ரெண்டு மூணு மணி நேரம் வேணுமுங்க" என்றார் கருப்புசாமி.

"ரெண்டாவது ஓட்டம் சாப்பாட்டுக்கு அப்புறந்தான். ஆனா மொத ஓட்டம் ஓடாதவங்களுக்கு ரெண்டாவது கெடையாதுங்க. என்ன பண்றது?"

மதிவதனி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சின்ன வயதில் சைக்கிள் செயின் கழன்றுவிட்டால் இப்படித்தான் பார்ப்பாள்.

"மாப்பிள்ளை பாரம் இருந்தா வண்டி அடங்கி நிக்குமுங்க" என்றார் கருப்புசாமி மெதுவாக. "பின்னால பாரம் வெச்சுக்கட்டலாமுங்களா?"

"இறுக்கிக் கட்டினாச் சரி. எடை கூடினா வேகம் கொறையுமே?" என்றார் நரசிம்மலு.

"கொறைஞ்சாக் கொறையட்டுமுங்க" என்றாள் மாரியாத்தாள், அவளை யாரும் கேட்காமலே.

பக்கத்துத் தோப்பில் உரச் சாக்குகள் வாங்கி வந்தார் பஷீர். ஓடுதளத்தின் ஓரத்து மண்ணை மதிவதனி அள்ளிப் போட, மாரியாத்தாள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். கருப்புசாமி மூட்டைகளைத் தூக்கி வைத்து, கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார். பின் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அதாவது மாப்பிள்ளை உட்காரும் இடம். இருபது வருஷமாக அவர் பட்டுத்துணி விரித்த இடம் அது. அங்கே இப்போது யூரியா என்று எழுதிய சாக்கில் மண் உட்கார்ந்திருந்தது.

வண்டி மெல்ல அமுங்கியது. பின்சக்கரங்கள் நேராக நின்றன.

கடைசி முடிச்சு விழுந்ததும், பஷீர் டிக்கியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். "மாப்பிள்ளை ஏறியாச்சுங்கண்ணா, வண்டிய எடுங்க!"

இருபது வருஷப் பழக்கம். ஒவ்வொரு கல்யாணத்திலும் அவர் சொல்கிற வாசகம். கை தட்டியதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா... அம்மணி, வாய் தவறி... அண்ணா, என்னை மன்னிச்சிருங்கண்ணா..." என்று தடுமாறினார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

மதிவதனி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "பரவால்லீங்க, பாய் மாமா" என்றாள் உள்ளேயிருந்து. "நேரமாச்சு, தள்ளுங்க."

* * *

கொடி இறங்கியது.

கருப்புசாமி பார்க்கக்கூடாது என்று நினைத்தார். கண் கேட்கவில்லை. சக்கரம் புகைந்தது. பின்னால் பாரம் இருந்ததால் வழுக்காமல் தரையைக் கவ்விக்கொண்டு, வண்டி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி போயிற்று. கல்யாணத் தெருக்களில் அவர் காலடியில் முனகிக்கொண்டிருந்த வண்டியா இது? இரண்டாவது கியர், மூன்றாவது கியர். ஒவ்வொரு கியர் மாற்றமும் சுத்தமாக விழுந்தது. என் மகள் ஓட்டுகிறாள் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது.

எல்லைக்கோடு தாண்டியது. இப்போது காலை எடுப்பாள். இப்போது திருப்புவாள்.

மாரியாத்தாள் டிபன் கேரியரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

வண்டி வலதுபக்கம் திரும்பியது. பின்பக்கம் ஒருமுறை ஆடியது. எழும்பப் பார்த்தது போலவும் இருந்தது. எழும்பவில்லை. பாரம் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. தோப்பு ஓரமாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது.

"கண்ணத் தொற புள்ள" என்றார் கருப்புசாமி. சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் பிரிவில் மூன்றாம் இடம் என்று மைக்கில் சொன்னார்கள். மூட்டை இல்லாமல் ஓடினால் முதல் இடம் நிச்சயம் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டார்கள். பெண்பிள்ளை ஓட்டியது என்று தெரிந்து வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் வந்தது. வண்டி திரும்பி வந்து தென்னைமரத்து நிழலில் நின்ற பிறகும், மதிவதனி இறங்கவும் இல்லை, ஹெல்மெட்டைக் கழற்றவும் இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பஷீர் கூட்டத்தை நயமாகப் பேசி அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

அழுது முடியட்டும் என்று கருப்புசாமி மூட்டைகளின் முடிச்சை அவிழ்த்து, ஒவ்வொன்றாக இறக்கினார். பாரம் இறங்க இறங்க வண்டியின் பின்பக்கம் மறுபடி எழும்பி நின்றது.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டாவது ஓட்டம்" என்றார். "அதுக்குள்ள அந்தப் பட்டையைக் கழட்டிப்போடலாம். நீ போய் ஒரு வாய் சோறு தின்னு அம்மணி. தெரியாம விட்டுப்போச்சு, அதனால என்ன."

ஹெல்மெட் கழன்றது. முகமெல்லாம் வீங்கிச் சிவந்திருந்தது.

"தெரியாம இல்லீங்கப்பா."

கருப்புசாமியின் கையில் கயிறு அப்படியே நின்றது.

"அது கவுத்துப்போடும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஆனா அது மாப்பிள்ளைக்குப் போட்டதுன்னு தெரியும். நீங்க அதைக் கோத்த அன்னிக்கு டார்ச் லைட்டு புடிச்சது நாந்தானுங்க. 'உன்ற மாப்பிள்ளை எத்தனை குண்டா வந்தாலும் தாங்கும் சாமி'ன்னு சொன்னீங்க. நெனப்பில்லீங்களா?"

அவருக்கு நினைவு இருந்தது. ஐயோ, அது நேற்று மாதிரி நினைவு இருந்தது. ஆறேழு வயதுப் பிள்ளை வெட்கப்பட்டு டார்ச்சை அவர் முகத்தில் அடித்ததுகூட நினைவு இருந்தது.

"சட்டத்தை அறுத்தேன். கைப்பிடியக் கழட்டினேன். படியக் கழட்டினேன். அதுக்கும் ஸ்பேனர் எடுத்துட்டுத்தானுங்க குனிஞ்சேன். முடியலீங்கப்பா. அதையும் எடுத்துப்போட்டா அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னு ஆயிருமேன்னு..."

மாரியாத்தாள் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு என்ன சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று கருப்புசாமிக்கு உறைத்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், இப்போதே, இந்த இடத்திலேயே. வாயைத் திறந்தார். "அம்மணி, நான் அன்னிக்கு..."

மதிவதனி கேட்கவில்லை. சீட்டுக்கடியில் துழாவி ஸ்பேனரை எடுத்தாள். அவர் பக்கம் நீட்டினாள்.

"எல்லாத்தையும் நாந்தான் கெடுத்தேன்னு சொன்னீங்க. சரிங்க. மத்ததெல்லாம் நானேதான் கழட்டினேன். இதையாச்சும் நீங்க கழட்டுங்கப்பா."

அவர் வாங்கிக்கொண்டார்.

ஸ்பிரிங் கட்டு பின்சீட்டு இருந்த தளத்துக்கு அடியில் இருந்தது. மேலிருந்து, அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துதான் கையை விட வேண்டும். இருபது வருஷமாக அந்த வண்டியை ஓட்டியவர், ஒருநாளும் மாப்பிள்ளையின் இடத்தில் ஏறி உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு ஏறினார். மூட்டைகளிலிருந்து சிந்திய மண்ணைக் கையால் ஒதுக்கினார். மூடித் தகட்டைத் திறந்து, ஸ்பேனரை நட்டில் மாட்டினார்.

தூரத்தில் நரசிம்மலு மைக்கில், சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டாவது ஓட்டம் ஓடப்போகிறவர்களின் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். மதிவதனி அந்தப் பக்கம் திரும்பி நின்று, நட்டு இளகும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

கருப்புசாமி ஸ்பேனரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவளைப் போலவே அவருக்கும் கை திரும்பவில்லை.